குளுட்டமேட்டைத் தடுக்கும் ஊசி எங்கே என்று கேட்ட தம்பிக்கு



உல்லாஸ்நகரில் அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். பக்கவாதத்திலும் தலைக்காயத்திலும் மூளைக்குள் குளுட்டமேட் பெருகி உயிரணுக்களைக் கொல்கிறது என்று கல்லூரியில் பக்கம் பக்கமாகப் படித்தோமே, அதைத் தடுக்க நம் கையில் என்ன ஊசி இருக்கிறது என்று. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் இல்லை. நாற்பது வருடமாக உலகம் முழுக்கத் தேடியாயிற்று, கிடைக்கவில்லை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. உன் பிரிவில் இருக்கும் சாதாரணச் சாமான்களை வைத்தே அந்தக் குளுட்டமேட்டின் வேலையைப் பாதியில் நிறுத்தலாம். எப்படி என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ போயிருக்கும் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. 1949 ஆகஸ்ட் 8 அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி அடிக்கல் நாட்டிய ஊர் அது. பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்த சிந்திக்காரர்களை பழைய பட்டாள முகாமில் குடியமர்த்தி, அதுவே நகரமானது. இன்றைக்கும் ஆட்கள் கேம்ப் எண்ணைச் சொல்லித்தான் விலாசம் சொல்வார்கள். தாராவியில் வளர்ந்த உனக்கு மராத்தியும் இந்தியும் தண்ணீர் பட்ட பாடு. சிந்தியும் ஆறு மாதத்தில் காதுக்குப் பழகிவிடும். உன்னைத் திணறடிக்கப்போவது தூரம். நோயாளிகளை அனுப்ப வேண்டிய பெரிய மருத்துவமனையான சயான் அங்கிருந்து ரயில் கணக்கில் சுமார் 45 கிலோமீட்டர். மாலை நேரத்தில் கல்யாண் - ஷில் சாலையில் சைரன் ஒலித்துக்கொண்டு நிற்கும் ஆம்புலன்ஸை நீயே பார்த்திருப்பாய். ஆகவே பெரிய மருத்துவமனையில் நடக்கும் சிகிச்சையைவிட, அங்கே போய்ச் சேர்வதற்கு முன் உன் மேஜையில் நடப்பதுதான் பல நோயாளிகளின் விதியை எழுதும்.

இனி குளுட்டமேட்டுக்கு வருவோம். அதை வில்லனாக நினைத்துப் பழகாதே. மூளையில் ஒரு நியூரான் இன்னொன்றைத் தூண்டுவதற்குப் பெரும்பாலும் பயன்படுத்துவது அதைத்தான். நீ இந்த வரியைப் படிப்பதும் நாளை இதை நினைவில் வைத்திருப்பதும் அதன் தயவு. எங்கே எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதில்தான் ஆபத்து. உயிரணுவுக்கு உள்ளே அதன் செறிவு வெளியே இருப்பதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. ஒரு நியூரான் செய்தி சொல்ல ஒரு சிட்டிகை வெளியே விட்டதும், சில மில்லி செகண்டுகளுக்குள் அதை அள்ளி உள்ளே போட்டாக வேண்டும். அந்த வேலையைச் செய்பவை பக்கத்தில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள். அவை ஒரு குளுட்டமேட் மூலக்கூறை உள்ளே இழுக்க மூன்று சோடியம் அயனிகளைக் கூடவே உள்ளே விடுகின்றன. வந்த சோடியத்தை வெளியே தள்ளுவது சோடியம் - பொட்டாசியம் பம்பு. அந்த பம்பு ஓடுவது ஏ.டி.பி. என்ற எரிபொருளில். உடல் எடையில் 2 சதவீதம் இருக்கும் மூளை உடலின் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வதற்கு இந்தப் பம்புகளும் முக்கியக் காரணம். இவ்வளவு செலவு செய்யும் உறுப்பில் கையிருப்பு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது.

ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் சில நிமிடங்களில் ஏ.டி.பி. தீர்ந்துபோகிறது. பம்பு நிற்கிறது. சவ்வின் மின்னழுத்தம் சரிகிறது. நியூரான் தன் கையிலிருந்த குளுட்டமேட்டை மொத்தமாகக் கொட்டுகிறது. அள்ள வேண்டிய ஆஸ்ட்ரோசைட்டோ, சோடியம் கணக்கு தலைகீழாகிப்போனதால், அள்ளிவைத்ததையும் வெளியே விடத் தொடங்குகிறது. மும்பையில் கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால், தண்ணீரை வெளியே கொண்டுபோக வேண்டிய சாக்கடை வழியாகவே கடல் தெருவுக்குள் ஏறுமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது.

வெளியே தேங்கிய குளுட்டமேட் பக்கத்து நியூரான்களின் மேல் இருக்கும் ஏற்பிகளைத் திறந்தபடியே வைக்கிறது. அவற்றில் என்.எம்.டி.ஏ. ஏற்பி முக்கியம். சாதாரண நேரத்தில் அதன் வாயை ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். சவ்வின் மின்னழுத்தம் சரிந்ததும் மக்னீசியம் விலகிவிடும். கால்சியம் உள்ளே கொட்டும். சோடியமும் குளோரைடும் தண்ணீரை இழுத்துக்கொண்டு வருவதால் உயிரணு சில நிமிடங்களில் வீங்குகிறது. கால்சியம் செய்வது இன்னும் மெதுவான, இன்னும் கொடிய வேலை. உயிரணுவின் எலும்புக்கூட்டை அறுக்கும் கால்பெய்ன் நொதியை எழுப்புகிறது, நைட்ரிக் ஆக்சைடைப் பெருக்குகிறது, மைட்டோகாண்ட்ரியாவை மூச்சுமுட்ட வைக்கிறது. சாகும் நியூரானும் தன் குளுட்டமேட்டைக் கொட்டிவிட்டே சாகிறது. அடுத்தது அதற்குப் பக்கத்தில் இருப்பது.

நீ மனதில் வைக்க வேண்டிய இடம் அந்த அடுத்தது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் ரத்தம் சாதாரணமாக ஓடும். அது 10-க்குக் கீழே போன நடுப்பகுதியில் நியூரான்கள் சீக்கிரமே போய்விடும். அங்கே உனக்கு வேலை இல்லை. 20-க்கும் 10-க்கும் நடுவே தத்தளிக்கும் விளிம்புப் பகுதி பேசாது, கையை அசைக்காது, ஆனால் உயிரோடு இருக்கும். நோயாளியைக் கொண்டு வந்தவர்கள் கண்ணுக்குக் கை முழுவதுமாக விழுந்திருக்கிறது. உள்ளே பாதிக்கு மேல் இன்னும் மீட்கக்கூடியதாக இருக்கலாம். பெரிய குழாய் ஒன்று அடைத்த பக்கவாதத்தில் நிமிடத்துக்கு 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன என்று அமெரிக்க நரம்பியலாளர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டார். மணிக்கு ஏறத்தாழ 12 கோடி.

இது எப்படித் தெரியவந்தது என்பது சுவாரசியமான கதை. 1957-இல் லூகாஸ், நியூஹவுஸ் என்ற இருவர் குட்டி எலிகளுக்குக் குளுட்டமேட் உப்பை ஊசியில் ஏற்றியபோது விழித்திரை அழிந்தது. 1969-இல் ஜான் ஓல்னி அதே உப்பு பச்சிளம் சுண்டெலிகளின் மூளையையும் அழிப்பதைக் காட்டினார். அளவுக்கு மீறிய தூண்டுதலே நஞ்சாகும் என்ற கருத்தை நிலைநாட்டியவர் அவர்தான். அந்த உப்பு வேறொன்றும் இல்லை, அஜினோமோட்டோ. ஆகவே உன்னிடம் ஒரு நாள் நிச்சயம் கேட்பார்கள், "டாக்டர், தினமும் ராத்திரி ஸ்டேஷன் பக்கம் சைனீஸ் பேல் சாப்பிடுவான், அதனால்தான் லக்வா (பக்கவாதம்) அடித்ததா?" என்று. இல்லை என்று சொல். ஓல்னி கொடுத்தது பிறந்த குட்டிகளுக்கு, தோலுக்கடியில், பெரிய அளவில். நாம் வாயால் தின்பதில் பெரும்பகுதியைக் குடலே எரித்துவிடும். மிச்சத்தை ரத்த - மூளைத் தடை நிறுத்திவிடும். அந்தத் தட்டில் கவலைப்பட வேண்டியது சாதாரண உப்புதான், அதனால் ஏறும் ரத்த அழுத்தம்தான்.

ஆனால் தின்றதால் இதே வழியில் நரம்பு கெட்ட கதை ஒன்று நம் நாட்டிலேயே உண்டு, அதை ஏனோ நம் பாடப்புத்தகங்கள் ஓர் ஓரத்தில் வைத்துவிட்டன. கேசரி பருப்பு. மத்தியப் பிரதேசத்தில் ரீவா, சத்னா பக்கம் மழை பொய்த்த வருடங்களில் வேறு எதுவும் விளையாமல் அது மட்டும் விளையும். கூலியாகவும் அதையே அளந்தார்கள். மாதக்கணக்கில் அதையே தின்ற வாலிபர்களுக்குக் கால்கள் விறைத்து, குதிகால் தரையில் படாமல், கோலூன்றி நடக்கும் நிலை வந்தது. 1964-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.எல்.என். ராவ், அடிகா, பி.எஸ். சர்மா மூவரும் அந்தப் பருப்பிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். சுருக்கமாக அதை ஓ.டி.ஏ.பி. என்பார்கள். குளுட்டமேட்டைப் போலவே உருவம் கொண்ட அமினோ அமிலம் அது. குளுட்டமேட்டின் ஏற்பியில் போய் உட்கார்ந்து நியூரானைத் தூண்டித் தூண்டியே கொல்கிறது. மேல்நாட்டு ஆய்வகங்கள் எலியில் பார்த்துக்கொண்டிருந்த விஷயத்தை நம் ஏழை விவசாயி தன் கால்களில் சுமந்துகொண்டிருந்தான். உனக்கு நேரம் கிடைக்கும்போது அந்த 1964 கட்டுரையைத் தேடிப் படி.

1980-களில் எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்தது. ரத்த ஓட்டம் நின்ற எலி மூளையில் குளுட்டமேட் பல மடங்கு ஏறுவதை 1984-இல் அளந்தே காட்டினார்கள். அதே வருடம், என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைத்தால் நியூரான்கள் பிழைக்கின்றன என்றும் காட்டினார்கள். பூட்டு தெரிந்துவிட்டது, சாவி செய்தால் போதும் என்று மருந்து நிறுவனங்கள் இறங்கின. செல்ஃபோடெல், ஆப்டிகனெல், கேவெஸ்டினெல் என்று வரிசையாக மனிதரில் சோதித்தார்கள். ஒன்றும் தேறவில்லை. செல்ஃபோடெல் சோதனையில் மருந்து பெற்றவர்கள் பக்கம் சாவு கூடுகிறதோ என்ற அச்சத்தில் பாதியிலேயே நிறுத்தினார்கள். நோயாளிகளுக்கு மாயத்தோற்றங்களும் வந்தன. வரத்தானே செய்யும்? சிந்தனைக்கான வாயிலையே அடைக்கிறோமே.

எனக்கு மிகவும் வருத்தம் தந்த சோதனை மக்னீசியம். விலை மலிவு, பிரசவ வார்டில் நமக்கு நன்றாகப் பழகிய மருந்து, இயற்கையே அந்த ஏற்பியின் வாயில் வைத்திருக்கும் மூடி. மற்ற மருந்துகள் தோற்றது தாமதமாகக் கொடுத்ததால்தான் என்று ஒரு வாதம் இருந்தது. அதையும் தீர்த்துவிடலாம் என்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஆம்புலன்ஸிலேயே மக்னீசியம் ஏற்றினார்கள். 1,700 நோயாளிகள். முக்கால்வாசிப் பேருக்கு நோய் தாக்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உடம்பில் ஏறிவிட்டது. 2015-இல் முடிவு வெளிவந்தது: போலி மருந்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அதன்பிறகு வந்த நெரினெடைட் ஏற்பியை விட்டுவிட்டு அதற்கு உள்ளே நடக்கும் கால்சியம் சதியை மட்டும் அறுக்கப் பார்த்தது. 2020-இல் 1,105 பேரில் நடந்த சோதனையில் மொத்தத்தில் பலன் தெரியவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பெறாதவர்களிடம் மட்டும் ஏதோ தெரிந்தது. அதையே தனியாக எடுத்து மறுபடி சோதித்தபோது அதுவும் நிற்கவில்லை.

ஏன் தோற்றன என்பதற்கு எனக்குச் சரியாகப் படும் விளக்கம் இது. குளுட்டமேட் வெள்ளம் முதல் சில மணி நேரத்து விவகாரம். அது வடிந்தபின் பிழைத்துக்கிடக்கும் நியூரான் மறுபடி எழ அதே குளுட்டமேட்டின் மெல்லிய தூண்டுதல் தேவைப்படுகிறது. மருந்து வந்து சேர்வது அந்த இரண்டாம் கட்டத்தில். இன்னொன்று, எலிக்கு நாம் குழாயை அடைத்து, நாமே திறந்தும் விடுகிறோம். அடைப்பே திறக்காத மனிதருக்கு மருந்து எந்த வழியாகப் போய்ச் சேரும்?

இவ்வளவையும் படித்த நீ, உன் ஊரில் எழுதப்படும் மருந்துச் சீட்டுகளைப் பார். சிட்டிகோலின், பிராசிட்டம், செரிப்ரோலைசின். "மூளைக்குச் சத்து ஊசி" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லப்படும். சிட்டிகோலின் பக்கவாதத்தில் 2,298 பேரிடம், தலைக்காயத்தில் 1,213 பேரிடம் சோதிக்கப்பட்டது. இரண்டின் முடிவும் 2012-இல் வந்தது; இரண்டிலும் பலன் இல்லை. ஆனாலும் வார்டில் அது நிற்கவில்லை. ஜீன்ஸ் பட்டறையில் தையல் வேலை செய்பவன் வீட்டில் தாலிக்கொடி அடகுக்குப் போய் இந்த ஊசி வருகிறது. அந்தப் பணம் மூன்று மாதத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு வரவழைக்கும். மேலே இருப்பவர்கள் எழுதச் சொன்னால் மறுக்கும் வயது உனக்கில்லை என்று தெரியும். ஆனால் நீயாக எழுதாதே. சொந்தக்காரர்களே கேட்டால், உட்காரவைத்து, இதனால் பலன் இல்லை என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், இந்தப் பணத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல். பாதிப் பேர் கேட்பார்கள்.

பின் என்னதான் செய்வது? குளுட்டமேட் கொல்வதற்கு எரிபொருள் தீர்ந்த உயிரணு வேண்டும். அந்த நிலையை நீடிக்க விடாதே. அவ்வளவுதான் மொத்த மருத்துவமும்.

முதலில் ரத்த ஓட்டம். வாசலிலேயே கேட்க வேண்டிய கேள்வி, "கடைசியாக நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?" என்பதுதான். எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டால் காலையில் எழுந்தபோது என்பார்கள். இரவு பத்து மணிக்கே நடந்திருக்கலாம். நான்கரை மணி நேரத்துக்குள் என்றால், சி.டி. எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்து, கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். சி.டி. எடுத்துப் படம் வருவதற்குள் பெரிய மருத்துவமனைக்குப் போன் போட்டுவிடு. படம் வந்தபின் போன் போடாதே.

ரத்த அழுத்தம். அக்கம்பக்கத்தில் பார்த்துவிட்டு அனுப்பப்படுகிறவர்களில் சிலருக்கு நாக்குக்கடியில் நிஃபெடிபின் சொட்டு விட்டிருப்பார்கள். 200 இருந்ததைச் சட்டென்று 120-க்கு இறக்கி நிம்மதி அடைவார்கள். தத்தளிக்கும் விளிம்புப் பகுதிக்கு ரத்தம் போவதே அந்த உயர்ந்த அழுத்தத்தின் தயவில். கரைப்பு ஊசி போடுவதென்றால் 185/110-க்குக் கீழே மெதுவாகக் கொண்டுவா. போடாதவருக்கு 220/120 தாண்டாதவரை முதல் நாள் தொடாதே. எண்ணைப் பார்த்துப் பதறும் உறவினருக்கும் நர்ஸுக்கும் காரணத்தைச் சொல்லிவை, இல்லாவிட்டால் நீ டீ குடிக்கப் போன நேரத்தில் யாராவது மாத்திரை கொடுத்துவிடுவார்கள்.

சர்க்கரை. கை விழுந்தவர் எவர் வந்தாலும் முதலில் விரல் நுனியில் குத்திப் பார். சர்க்கரை இறங்கியே பக்கவாதம் போலத் தோன்றும். அதைச் சரிசெய்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்து உட்கார்வார்கள். அதைத் தவிர யாருக்கும் குளுக்கோஸ் பாட்டில் மாட்டாதே. "குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர், தெம்பு வரும்" என்று கேட்பார்கள், தமிழிலும் கேட்பார்கள், சிந்தியிலும் கேட்பார்கள். ஆக்சிஜன் இல்லாத மூளையில் அந்தச் சர்க்கரை அமிலமாகிறது. மிச்சத் தண்ணீர் வீங்கிய உயிரணுக்களுக்குள் போகிறது. நார்மல் சலைன் போதும்.

காய்ச்சல். சூடு ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் மூளையின் செலவு கூடுகிறது, குளுட்டமேட் கசிவும் கூடுகிறது. வலிப்பு வந்தால் கேட்கவே வேண்டாம். வலிப்பு என்பதே குளுட்டமேட்டின் ஆட்டம். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பவர்களை விலக்கிவிட்டு உடனே லோராசிபாம் ஏற்று. நரம்பு கிடைக்காவிட்டால் தொடையில் மிடாசோலம் குத்து. நின்றுவிடும் என்று காத்திருக்காதே.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றுகிறதா? ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் ஒரு சோதனை செய்தார்கள். புதிய மருந்து எதுவும் கிடையாது. முதல் 72 மணி நேரம் நர்ஸுகளே காய்ச்சல் பார்த்து பாரசிட்டமால் கொடுப்பது, சர்க்கரை பார்த்துச் சரிசெய்வது, வாயில் எதையும் கொடுக்கும் முன் விழுங்க முடிகிறதா என்று பார்ப்பது. மூன்றே வேலை. 2011-இல் வந்த முடிவு: 90 நாள் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் பழைய முறையில் 58 சதவீதம், இந்த முறையில் 42 சதவீதம். குளுட்டமேட்டை அடைக்கக் கோடிகள் கொட்டிய எந்த மருந்தும் இதன் பக்கத்தில் வரவில்லை. தண்ணீர் குடிக்கவைத்துப் பார்க்கும் அந்த விழுங்குதல் சோதனைக்கு ஒரு ஸ்பூனும் ஒரு டம்ளரும் போதும்.

அடுத்து தலைக்காயம். உன் ஊரில் அது ரயிலோடு பிணைந்தது. 2025 ஜூன் 9 காலை மும்ப்ரா வளைவில் இரண்டு லோக்கல்கள் எதிரெதிரே கடந்தபோது, கதவருகே தொங்கியபடி வந்தவர்கள் தண்டவாளத்தில் விழுந்தார்கள். அன்றைக்கே நான்கு பேர் இறந்தார்கள். அது செய்தியானது. ஒருவர் இருவராக விழுபவர்கள் செய்தியாவதில்லை, உன் மேஜைக்கு வருகிறார்கள். அடிபட்ட நொடியில் நரம்பிழைகள் இழுபட்டுக் கிழிகின்றன. அதை யாராலும் திருப்ப முடியாது. அதே நொடியில் குளுட்டமேட்டும் கொட்டத் தொடங்குகிறது. அதன்பின் வரும் ஒவ்வொரு நிமிட ரத்த அழுத்தக் குறைவும், ஆக்சிஜன் குறைவும் அந்த மூளைக்கு மேல் இன்னொரு பக்கவாதம். கடுமையான தலைக்காயத்தில் அழுத்தம் ஒரே ஒரு முறை 90-க்குக் கீழே இறங்கியவர்களிடம் சாவு இரு மடங்கு என்று 1993-இலேயே எழுதிவிட்டார்கள். பக்கவாதத்தில் அழுத்தத்தை இறக்காதே என்றேன். இங்கே இறங்கவே விடாதே என்கிறேன். மண்டைக்காயத்தைத் தைப்பதற்கு முன் வயிற்றிலும் இடுப்பிலும் ரத்தம் போகிறதா என்று பார். மயக்கத்தில் இருப்பவரின் மூச்சுப்பாதையைத் திற, ஆக்சிஜன் கொடு, தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்து. மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை ஆவேசமாக அமுக்காதே. கரியமில வாயு அதிகம் வெளியேறினால் மூளைக்குழாய்கள் சுருங்கி ரத்தம் இன்னும் குறையும்.

டெக்ஸாமெதாசோன் வேண்டாம். வீக்கம் குறையும் என்று என் தலைமுறை முழுவதும் நம்பிய மருந்து அது. ஸ்டீராய்டை 10,008 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2004-இல் வந்தது: இரண்டு வாரத்தில் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21 சதவீதம், பெறாதவர்களில் 18 சதவீதம். எத்தனை வருடம், எத்தனை நாடுகளில் அதைக் கொடுத்திருப்போம் என்று கணக்குப் போட்டால் தூக்கம் வராது.

மூளையைக் குளிரவைத்தால் குளுட்டமேட் கசிவு குறையும் என்பதும் எலியில் உண்மை. பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைகளை 33.5 டிகிரியில் 72 மணி நேரம் வைப்பது பணக்கார நாடுகளில் உயிரும் அறிவும் காத்தது. நாமும் ஆர்வத்தோடு தொடங்கினோம். ஆனால் நம் குழந்தைகளிடம் அதை முறையாகச் சோதித்தவர்களும் நம்மவர்களே. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் ஏழு மருத்துவமனைகள், 408 குழந்தைகள். தாராவியின் மதில் ஓரத்தில் நிற்கும் நம் சயான் மருத்துவமனையும் அதில் ஒன்று; சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் ஒன்று. 2021-இல் வெளியான முடிவு: குளிரவைத்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன, வைக்காதவற்றில் 31 சதவீதம். வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்ததை அப்படியே இங்கே கொண்டுவரும் அவசரம் உனக்கும் வரும். அப்போது இந்த இரண்டு எண்களை நினைத்துக்கொள். அந்தச் சோதனையில் தங்கள் குழந்தைகளைச் சேர்க்கச் சம்மதித்த ஏழைத் தாய்மார்கள்தான் அதற்குப்பின் பிறந்த பல குழந்தைகளைக் காப்பாற்றினார்கள் என்பது என் எண்ணம்.

கடைசியாக, வாசலுக்கு வெளியே. நீ எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், புறாவின் ரத்தம் தடவிவிட்டு மறுநாள் கொண்டுவந்தால் உன்னால் ஒன்றும் ஆகாது. வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் 108-ஐ அழைக்க வேண்டும், வாயில் தண்ணீர்கூட ஊற்றக்கூடாது, மணியைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். இவ்வளவை ஒரு தாளில் சிந்தி, மராத்தி, இந்தி, தமிழ் நான்கிலும் எழுதி ஸ்டேஷன் டீக்கடையிலும் ஐந்து கேம்ப் மருந்துக்கடைகளிலும் ஒட்டு. அடிபட்டவரைத் தூக்கி வருகிறவரிடம் பெயர், விலாசம் கேட்டுப் போலீசைக் காட்டி மிரட்டவும் யாரையும் விடாதே. உதவியவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இலேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் சாரத்தையும் அந்தத் தாளின் கீழே சேர்த்துவிடு.

தமிழ்ப் பகுதியை எழுதி எனக்கு அனுப்பு, பிழை பார்த்துத் தருகிறேன். சிந்திக்கு உன் வார்டு சிஸ்டர்களில் யாரையாவது பிடி. இந்த மாதத்துக்குள் ஒட்டிவிட வேண்டும்.

அன்புடன்,
மாட்டுங்காவிலிருந்து உன் பழைய வாத்தியார்